உப்பை அறிந்த ஊரில் ஆர்க்கிட்

திருப்பூரில் மொட்டைமாடித் தொட்டியில் ஓர் ஆர்க்கிட் செடி வாடினால் பழி வெயிலின் மேல்தான் விழும். "அது மலைச்செடிங்க, நம்மூரு சூட்டுக்கு வராதுங்க" என்பார்கள். வாடிய செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பார்த்தால் வேறொரு சேதி தெரியவரும். வேர்நுனிகள் கருகியிருக்கும். கரித்துண்டுகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். தொட்டி விளிம்பிலும் அதே வெண்மை. வெயில் இப்படிச் செய்யாது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான் இப்படிச் செய்யும்.

உப்பைப் பற்றித் திருப்பூருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டாகிறது. பனியன் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழையிடம் அனுப்பத்தான் சாதா உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுகிறார்கள். அடர்நிறம் என்றால் ஒரு லிட்டர் சாய நீருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. அது நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன செய்தது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் ஆர்.ஓ. கருவிகளும் ஆவியாக்கிகளும் கொண்ட பூஜ்ஜியக் கழிவு முறை வேரூன்றியதும் ஊரறிந்த வரலாறு. 'டிடிஎஸ் எவ்வளவு?' என்று தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் கேட்கும் பழக்கம் இந்த ஊரில் பொறியாளர் முதல் தண்ணீர் லாரி ஓட்டுநர் வரை பரவியிருக்கிறது. ஆர்க்கிட் வளர்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

மண்ணை மறந்த வேர்

உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரக் குடும்பங்களில் மிகப் பெரிய இரண்டில் இது ஒன்று. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட தொகுப்பு நம் நாட்டில் 1,256 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 757 இனங்கள் மரத்திலோ பாறையிலோ தொற்றி வாழ்பவை. 447 தரையில் வளர்பவை. 43 இனங்கள் பூஞ்சையிடமிருந்து உணவைப் பெற்று வாழ்பவை. தொற்றி வாழும் ஆர்க்கிட்டை ஒட்டுண்ணி என்று நினைப்பது தவறு. மரத்தின் சாற்றை அது தொடுவதில்லை. நிற்க ஓர் இடம் மட்டுமே அதற்கு வேண்டும்.

நிற்கும் இடத்தில் மண் கிடையாது. மழை பெய்யும் சில நிமிடங்களில் கிடைக்கிற நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தொற்று ஆர்க்கிட்டுகளின் வேரைச் சுற்றி வெலமென் என்ற உறை உருவாகியிருக்கிறது. அது உயிரற்ற வெற்றுச் செல்களால் ஆன அடுக்கு. காய்ந்திருக்கும்போது செல்களில் காற்று நிரம்பியிருப்பதால் வேர் வெள்ளியாகத் தெரியும். நீர் பட்டதும் காற்று வெளியேறி, உறை ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளே இருக்கும் பச்சையம் தெரியும். வேர் வெள்ளியாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். ஆர்க்கிட் வளர்ப்பில் இதைவிட எளிய அளவுகோல் இல்லை. விரலால் தொட்டுப் பார்ப்பதும் நாள் கணக்கு வைப்பதும் இதற்கு அடுத்தபடிதான்.

வெலமெனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழையின் முதல் நீர் இலை, கிளை, பட்டையின் மேலுள்ள தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு இறங்குகிறது. மழை முழுவதிலும் சத்து அதிகமுள்ள பகுதி அதுதான். வெலமென் அந்த நீரை நொடிகளில் உள்ளிழுத்து, மணிக்கணக்கில் மெல்ல வற்றவிடுகிறது. அதற்குள் வேரின் உயிருள்ள பகுதி அந்தச் சத்தை எடுத்துக்கொள்கிறது.

காட்டில் செடியைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடுதான் மொட்டைமாடியில் அதற்கு எமனாகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெலமென் அதையும் அதே வேகத்தில் இழுத்துக்கொள்கிறது. பிறகு நீர் ஆவியாகிறது. உப்பு அங்கேயே தங்குகிறது. அடுத்த நாள் மறுபடி ஊற்றுகிறோம், உப்பு இன்னும் கூடுகிறது. நாளடைவில் வேரைச் சுற்றியுள்ள கரைசல், வேருக்குள் இருக்கும் சாற்றைவிட அடர்த்தியாகிவிடுகிறது. நீர் அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நகரும் என்பது சவ்வூடு பரவலின் விதி. ஆகவே நனைந்திருக்கும் வேரிலிருந்தே நீர் வெளியேறுகிறது. இலை சுருங்குவதைப் பார்த்து நாம் இன்னும் அதிகமாக உப்புத் தண்ணீரை ஊற்றுகிறோம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. சவ்வு செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. அழுத்தம் கொடுத்து, அடர்த்தியான பக்கத்திலிருந்து நீரை மட்டும் மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைக் கொடுக்க வேருக்குப் பம்ப் கிடையாது.

எந்தத் தண்ணீர்?

கழிவுநீரை ஆற்றில் விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருந்த உச்சவரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. தென்னை அந்த அளவைத் தாங்கும். ஆர்க்கிட்டுக்கு அது நஞ்சு. 200-க்குக் கீழ் இருந்தால் நல்ல தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். 500 வரை கவனமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் கலந்து குறைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர், ஆர்க்கிட் உரத்தைவிட முதலில் வாங்க வேண்டிய பொருள்.

பவானி, காவிரிக் குழாய்த் தண்ணீர் ஆழ்குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு மேல். வீட்டு ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரும் ஆகும். ஆனால் அதன் கழிவுக் குழாயிலிருந்து வரும் நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. சவ்வு பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவ, தரை துடைக்க அதை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். திருப்பூருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடித் தகரக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 230 லிட்டர் நீர் இறங்கும். இருபது தொட்டிகளுக்கு நாளுக்கு அரை லிட்டர் வீதம் ஊற்றினால் அந்த ஒரு மழை மூன்று வாரத்துக்கு மேல் வரும். கூரையில் படிந்த புகையும் தூசியும் கழுவப்படும் வரை முதல் சில நிமிட நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு டிரம்மில் பிடிக்க வேண்டும். கொசு நுழையாதபடி வாயைத் துணியால் கட்ட வேண்டும்.

உப்பு கூடிய நீரை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள், நாலு முறைக்கு ஒருமுறையாவது மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ தொட்டி வழிந்தோடும்படி தாராளமாக ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும். நாள்தோறும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வேர் வெள்ளியான பின் ஒரேயடியாக நனைப்பது நல்லது. தெளித்த நீர் ஆவியாகும். வழிந்தோடும் நீர் உப்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

உரமும் உப்புதான் என்பதை மறக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். மரக்கிளையில் மிகக் குறைந்த சத்தில் வாழப் பழகிய செடி இது. பூக்கவில்லையே என்று உரத்தைக் கூட்டுவது வேரைத்தான் சுடும்.

தொட்டிக்குள் என்ன போடுவது?

மண் கூடவே கூடாது. வேருக்கு நீர் வேண்டும் அளவுக்குக் காற்றும் வேண்டும். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை விரல்கடை அளவுக்கு உடைத்துப் போடலாம். காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மட்டையில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நீரை வடித்து, மறுபடி ஊறவைக்க வேண்டும். வடித்த நீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் இறங்கி நிற்கும் வரை கழுவ வேண்டும்.

மட்டை நீரைப் பிடித்து வைக்கும். கரியும் ஓடும் வடிய விடும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதைப் பாலக்காட்டுக் கணவாயின் காற்றுதான் தீர்மானிக்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆடிக் காற்று, தொங்கும் ஆர்க்கிட் வேரைச் சீக்கிரம் காயவைத்துவிடும். அந்த மாதங்களில் மட்டையின் பங்கு கூட இருப்பது நல்லது. ஐப்பசி அடைமழையில் அதே மட்டை ஊறி வேரை அழுகவைக்கும். அப்போது செடியைக் கூரைக்கு அடியில் நகர்த்த வேண்டும்.

மரக்கட்டையில் கட்டி வளர்ப்பவர்களுக்குத் திருப்பூர் தரும் வசதி ஒன்று உண்டு. கம்பியும் நைலான் கயிறும் இளம் வேரை அறுக்கும். சாயமேற்றாத கிரே துணியின் கட்டிங் வேஸ்டை விரல் அகலப் பட்டையாக நறுக்கிக் கட்டினால், நெகிழ்ந்து கொடுத்துச் செடியை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். பருத்தி நாளடைவில் மக்கி உதிரும். அதற்குள் வேர் கட்டையைப் பற்றிக்கொண்டிருக்கும்.

இரவில் திறக்கும் இலை

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகும். நீருக்கு உத்தரவாதமில்லாத மரக்கிளையில் அது கட்டுப்படியாகாது. அதனால் வாண்டா, பெலனாப்சிஸ் போன்ற தடித்த இலைகொண்ட ஆர்க்கிட்டுகள் நைட் ஷிப்ட் பார்க்கின்றன. வெயில் தாழ்ந்து குளிர்ந்த பின் துளைகளைத் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லின் உள்ளறையில் அடுக்கி வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேர்த்து வைத்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்துச் சூரிய ஒளியில் மாவுச்சத்து ஆக்குகின்றன. சப்பாத்திக்கள்ளியும் கற்றாழையும் செய்வது இதையேதான்.

இந்த ஒரு செய்தி தெரிந்தால் பல யோசனைகள் தாமாகவே பிறக்கும். வாயுவை வாங்கும் நேரம் இரவு என்பதால், செடிக்கு இரவின் குளிர்ச்சியும் ஈரப்பதமும் முக்கியம். பகல் முழுதும் சூடேறிய கான்கிரீட் மொட்டைமாடி, இரவு வெகுநேரம் வரை அனலை வெளியிடுகிறது. தளத்தின் மேலேயே தொட்டியை வைத்தால் செடி அந்த அனலில் நிற்கும். துளைகளை முழுதாகத் திறக்க முடியாமல் போகும். இடுப்பளவு உயரத்தில் கம்பி மேசை அமைத்து, பொழுது சாயும்போது கீழ்த்தளத்தில் நீர் தெளித்துவிட்டால் வெப்பமும் இறங்கும், ஈரப்பதமும் ஏறும். தளத்துக்கு உப்புத் தண்ணீரே போதும். செடிக்கான நீரைக் காலையில் ஊற்றுவது நல்லது. இலைக் குருத்தில் நீர் தேங்கி இரவு முழுதும் நின்றால் அழுகல் வரும்.

வெளிச்சத்துக்கு இலையின் நிறமே சான்று. கரும்பச்சை என்றால் நிழல் கூடிவிட்டது. இலை செழிக்கும், பூ வராது. இளமஞ்சள் கலந்த பச்சை சரியான அளவு. செம்மை படர்ந்தால் வெயில் எல்லையைத் தொடுகிறது. டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலையும் பெலனாப்சிஸுக்கு 75 சதவீத வலையும் பொதுவாகப் பொருந்தும். சித்திரை, வைகாசியில் இன்னோர் அடுக்கு வலை தேவைப்படலாம்.

எந்தச் செடி நமக்கு?

சேலம் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கிறது. கொங்கு நாட்டில் ஆர்க்கிட் மேல் ஆசை வைத்தவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம். ஆனால் அங்கே கண்ட செடியை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருப்பூர் 300 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். குளிர் கேட்கும் சிம்பிடியக் கலப்பினங்கள் மலையில் பூக்கும். சமவெளியில் இலையாகவே நிற்கும்.

திருப்பூரில் தொடங்குபவருக்கு ஏற்றது டென்ட்ரோபியம். பூங்கொத்துக் கடைகளில் ஊதா நிறத்தில் பார்க்கும் 'சோனியா' வகையின் பேரினம் இது. பூக்கக் குளிர் தேவையில்லை. தடித்த தண்டில் நீரைச் சேமித்து வைப்பதால் ஒரு நாள் மறந்தாலும் மன்னிக்கும். அடுத்துப் போகலாம் என்றால் வெயில் தாங்கும் மொக்காரா. வெறும் வேரைத் தொங்கவிட்டு வளரும் வாண்டாவுக்குக் கோடையில் நாளுக்கு இரண்டு முறையாவது நீர் வேண்டும், நேரமுள்ளவர்களுக்கு அது.

பூச்சந்தையில் பலர் ஆசைப்பட்டு வாங்குவது பெலனாப்சிஸ். வாங்கும்போது இருந்த பூ உதிர்ந்த பின் மறுபடி பூப்பதில்லை என்பதே பொதுவான குறை. மார்கழி இரவு குளிரத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளாஞ்சார்டும் ரங்கிளும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. இந்தச் செடியின் பூப்பைத் தீர்மானிப்பது பகல் வெப்பம். பகலை 29 டிகிரியில் வைத்தபோது, இரவைக் குளிர்வித்தும் பலனில்லை. திருப்பூரின் மார்கழிப் பகலும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் நிற்கிறது. பகல் முழுதும் ஏசி ஓடும் ஏற்றுமதி அலுவலகத்தில், வெளிச்சமுள்ள சன்னலோரத்தில் ஒன்றிரண்டு மாதம் வைத்துப் பார்க்கலாம். ஏசி காற்று நேராகப் படாமல், சுற்றிலும் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டால் பூங்கதிர் எழ வாய்ப்புண்டு.

பூத்த பிறகு செடியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்க்கிட் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பூச்சிக்குத் தேன் தருவதில்லை. ஏமாற்றித்தான் மகரந்தத்தை அனுப்புகின்றன. ஏமாறும் பூச்சி அரிதாகத்தான் வரும். அதுவரை காத்திருக்க வேண்டியிருப்பதால் ஆர்க்கிட் பூ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. மகரந்தம் சேர்ந்ததும் எத்திலீன் வாயு சுரந்து பூவை வாடச் செய்கிறது. வாகனப் புகையிலும், பழுக்கும் மாம்பழம், வாழைப்பழத்திலும் அதே எத்திலீன் உண்டு. ஜெனரேட்டர் அறைக்கு அருகிலோ பழக்கூடைக்குப் பக்கத்திலோ வைத்த செடி, வேலை முடிந்ததென்று தவறாக எண்ணிப் பூவை உதிர்த்துவிடும்.

ஏன் ஒரு சங்கம்?

சிங்கப்பூரில் 1928-ல் தாவரவியல் தோட்டத்தின் எரிக் ஹோல்ட்டம், ஜான் லேகாக், எமில் காலிஸ்டன் ஆகியோர் மலாயா ஆர்க்கிட் சங்கத்தைத் தொடங்கினார்கள். அக்காலத்து நூல்கள் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களுக்காக எழுதப்பட்டவை. பூமத்தியரேகைக் கொல்லைக்கு அவை உதவவில்லை. கூடினார்கள், பூத்த செடியைக் கொண்டுவந்து காட்டினார்கள், எது எப்படி வளர்ந்தது என்று எழுதி வைத்தார்கள்.

விதை முளைப்பித்தலும் அப்படித்தான் அந்த ஊருக்கு வந்தது. ஆர்க்கிட் காய் ஒன்றில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கலாம். ஆனால் எதிலும் உணவுச் சேமிப்பு கிடையாது. முளைக்க ஒரு பூஞ்சையின் துணை வேண்டும் என்பதை 1899-ல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் பூஞ்சையில்லாமலே முளைக்கவைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். அதை ஹோல்ட்டம் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் வாங்கும் குறைந்த விலை நாற்றுகள், அந்தக் கண்ணாடிக் குடுவையின் வழித்தோன்றல்களே.

இந்தியாவில் 1984-ல் சண்டிகரை மையமாகக் கொண்டு இந்திய ஆர்க்கிட் சங்கம் உருவானது. சிக்கிமின் பாக்யோங்கில் 1996 முதல் தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. பெங்களூரில் கர்நாடக ஆர்க்கிட் சங்கம் கண்காட்சி நடத்துகிறது. ஆனால் சிக்கிமின் மழைக்கும் பெங்களூரின் குளிருக்கும் எழுதிய குறிப்பு, அவிநாசி ரோட்டு மாடிக்கு அப்படியே பொருந்தாது. எந்த மாதம் எந்தச் செடி புது வேர் விட்டது, எந்த வார்டில் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து எழுதினால்தான் உண்டு. பத்துப் பேர் இருந்தால் தொடங்கலாம்.

கூடுகிறவர்கள் செய்ய நிறைய இருக்கிறது. பூத்த செடியை மேசையில் வைத்து, வளர்த்தவரையே பேசச் சொல்லலாம். தொட்டி மாற்றுவதை ஒருவர் செய்துகாட்டலாம். குடுவை நாற்றை வெளியே எடுத்து, ஊடகத்தைக் கழுவி, கூட்டாக நடும் முறையைக் கற்கலாம். டென்ட்ரோபியத் தண்டில் முளைக்கும் குட்டிச்செடி, விரல் நீள வேர் விட்டதும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். கரியையும் மட்டையையும் மொத்தமாக வாங்கிப் பங்கிடலாம். முக்கியமாக, பெயர்ச்சீட்டைத் தொலைக்காமல் வைக்கப் பழகலாம். பதிவான கலப்பினங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்ட குடும்பத்தில், பெயர் போன செடியின் பெற்றோர் யார் என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஒரு கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்: காட்டுச்செடி கூட்டத்துக்குள் வரக் கூடாது. உடுமலைக்கு மேலே ஆனைமலைக் காடுகள் தொடங்குகின்றன. பாதுகாக்கப்பட்ட அந்தக் காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது குற்றம். அகத்தியமலையின் பாபியோபெடிலம் துரூரி என்ற பாதுகை ஆர்க்கிட், உலகில் வேறெங்கும் இல்லாதது, சேகரிப்பவர்களின் ஆசையாலேயே அழிவின் விளிம்புக்குப் போனது. பெயர்த்த செடி, தன் பூஞ்சையையும் மரத்தையும் விட்டுவிட்டு நம் தொட்டியில் பெரும்பாலும் சாகிறது. பார்க்கத்தான் ஏற்காடு இருக்கிறது. இனம் கண்டு கேட்க, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1955 முதல் இயங்கும் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது.

அப்படி ஒரு சங்கம் திருப்பூரில் கூடினால் முதல் நாள் யாரும் செடியைத் தூக்கிவர வேண்டியதில்லை. வீட்டில் செடிக்கு ஊற்றும் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தால் போதும். ஒரு மீட்டரை வைத்து எல்லாவற்றையும் அளந்து, தெருப் பெயரோடு எண்ணை எழுதி வையுங்கள். எந்தத் தெருவில் மழைநீர் டிரம் அவசியம், எந்தத் தெருவில் குழாய் நீரே போதும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். எந்தச் செடியை வாங்குவது என்ற பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.